பட்டிப்பூவும் குளிசையும்



கடந்த மாதம் எங்கள் ஒழுங்கையில் இருக்கும் அக்கா ஒருவர், காலில் ஆறாத புண்ணோடு என் வீட்டுக்கு வந்தார். 2009இல் கணவரை இழந்தவர். வயலில் கூலி வேலை செய்து இரண்டு பிள்ளைகளையும் படிப்பித்தவர். சலரோகத்துக்கு வைத்தியசாலையில் தந்த குளிசையை நிறுத்தி மூன்று மாதம் என்றார்.

"கிளினிக்குக்குப் போனால் ஒரு நாள் கூலி போகுது ரீச்சர். பட்டிப்பூ இலையை அவிச்சுக் குடிக்கிறன். அதுவும் மருந்துதானாமே?"

முப்பது வருடம் இரசாயனவியல் படிப்பித்த எனக்கு, உடனே "இல்லை" என்று சொல்ல வாய் வரவில்லை. ஏனென்றால் அவர் சொன்னதில் பாதி உண்மை.

நம் வேலியோரம் பூக்கும் இதே பட்டிப்பூவை ஜமெய்க்காவிலும் சலரோகத்துக்கு அவித்துக் குடித்தார்கள். 1950களில் அந்த இலைகள் கனடாவில் றொபேட் நோபிள் என்ற ஆய்வாளரிடம் போய்ச் சேர்ந்தன. இலைச்சாற்றை எலிகளுக்கு வாயால் கொடுத்துப் பார்த்தார்கள். சீனி குறையவில்லை. ஊசியால் ஏற்றியபோது வெண்குருதிக் கலங்கள் குறைந்து, கிருமி தொற்றி எலிகள் இறந்தன. அப்படியானால், வெண்கலங்கள் கட்டுமீறிப் பெருகும் குருதிப் புற்றுநோய்க்கு இது உதவுமா என்று யோசித்தார்கள்.

நோபிளும் இரசாயனவியலாளர் சார்ள்ஸ் பீரும் அந்தப் பொருளைத் தனியே பிரித்தெடுத்து 1958இல் அறிவித்தார்கள். அதுதான் வின்பிளாஸ்ரின். ஒரு கிராம் எடுக்க ஏறக்குறைய 500 கிலோ உலர்ந்த இலை வேண்டும். அதே செடியில் கிடைத்த வின்கிறிஸ்ரின், குருதிப் புற்றுநோய் வந்த பிள்ளைகளுக்கு இன்றும் ஊசியாக ஏற்றப்படுகிறது. அளவு கூடினால் நரம்பைத் தாக்கும் என்பதால், மில்லிகிராம் கணக்கில் அளந்துதான் ஏற்றுவார்கள். நாம் அடுப்பில் அவித்த தண்ணீரில் எது எவ்வளவு இருக்கிறதென்று யாரால் சொல்ல முடியும்?

"நீங்கள் நிறுத்தின குளிசைக்கும் ஒரு இலைதான் வழி காட்டினது அக்கா" என்றேன். அவர் நம்பவில்லை.

அவருடைய குளிசையின் பெயர் மெற்போமின். ஐரோப்பாவில் கலேகா என்றொரு செடி இருக்கிறது. அதிலுள்ள பொருள் சீனியைக் குறைக்கும், ஆனால் நஞ்சு. அதற்கு உறவான மெற்போமினை 1922இல் அயர்லாந்தில் வேர்னர், பெல் என்ற இருவர் ஆய்வுகூடத்திலேயே செய்தார்கள். 1957இல் பிரான்சு வைத்தியர் ஸ்ரேர்ன் அது சலரோகத்துக்கு உதவுவதைக் காட்டினார். செடியில் இருந்ததைவிடப் பாதுகாப்பான உறவுப் பொருள் ஒன்று இப்படித்தான் மருந்தானது. இன்று உலகெங்கும் கோடிக்கணக்கானோர் அதைக் குடிக்கிறார்கள்.

இலைக்கும் மருந்துக்கும் நடுவே நின்று உழைத்த ஒரு பெண்ணைப் பற்றி என் மாணவிகளுக்கு எப்போதும் சொல்வேன். 1917இல் கல்கத்தாவில் பிறந்த அசீமா சட்டர்ஜி. இந்தியப் பல்கலைக்கழகமொன்றில் விஞ்ஞான கலாநிதிப் பட்டம் பெற்ற முதற் பெண் அவர், பெற்றது 1944இல். ஆய்வுகூடத்தில் வசதி குறைவு. தன் கைக்காசையும் போட்டே வேலை செய்தார். 1967இல் தந்தையையும் கணவரையும் சில மாத இடைவெளியில் இழந்தார். தானும் நோயில் விழுந்தார். எழும்பியதும் மறுபடி ஆய்வுகூடத்துக்கே போனார். நம் குளக்கரையில் முளைக்கும் ஆரைக்கீரை இனச் செடியிலிருந்து வலிப்பு நோய்க்கு மருந்து உருவாக்கினார். 2006இல் காலமாகும்வரை அவர் பெயர் மூலிகை இரசாயனத்தோடு சேர்ந்தே இருந்தது.

அடுத்த நாள் அக்காவைக் கிளினிக்குக்குக் கூட்டிப் போனேன். புண்ணுக்கு மருந்து கட்டி, குளிசையை மறுபடி தொடங்கினார்கள். எங்கள் ஒழுங்கையில் இன்னும் நால்வருக்குச் சலரோகம். இப்போது எல்லோரும் காசு போட்டு ஒரு ஓட்டோவில் விடியவே போய் நம்பர் எடுக்கிறார்கள். அப்படியும் சில நாள் கூலி போகத்தான் செய்கிறது. ஆனால் கால் போனால் வேலையே போய்விடும் என்று அக்காவே மற்றவர்களுக்குச் சொல்கிறார்.

சகோதரிகளே, வைத்தியரைக் கேட்காமல் குளிசையை நிறுத்தாதீர்கள். கசாயம் ஏதும் குடித்தால், பேசுவாரென்று பயந்து மறைக்காமல் அவரிடம் சொல்லுங்கள். பட்டிப்பூவைச் சாமிப் படத்துக்கு வையுங்கள். அடுப்பில் வைக்க வேண்டாம்.

அடுத்த மாதம் சந்திப்போம்.