கூட ஓடுகிறேன் என்று சொன்னால் கடைசி வரை கூட ஓடுங்கள்



நம் 94 பேட்ச் பிள்ளைகள் நான்கு பேர் வருகிற ஜனவரியில் சென்னை மாரத்தான் ஓடப் போவது உங்களில் பலருக்குத் தெரியும். மூன்று பேர் ஏற்கெனவே ஓடியவர்கள். நான்காமவர் ஆம்பூரில் ஷூ கம்பெனியில் சூப்பர்வைசர். சர்க்கரை உள்ளவர். டாக்டரிடம் கேட்டுக்கொண்டு ஒரு வருடமாக ஷிஃப்டுக்கு முன்னால் எழுந்து ஓடிப் பழகுகிறார். அவருக்கு இதுதான் முதல் முழு மாரத்தான். மூவரும் அவருக்கு பேஸராக, அதாவது வேகம் பிடித்துக் கொடுப்பவராக, கூடவே ஓடுவது என்று பேச்சு.

இப்போது குழுவில் ஒரு விவாதம். 30 கிலோமீட்டர் வரை அவரோடு போய்விட்டு, அதற்குப் பிறகு அவரவர் வேகத்தில் போனால் என்ன என்று ஒருவர் கேட்டிருக்கிறார். என்னிடமும் அபிப்பிராயம் கேட்டீர்கள். பதில் நீளமாகிவிட்டது, அதனால் இங்கே எழுதுகிறேன்.

கூடாது என்பதே என் கருத்து. காரணம் சொல்கிறேன்.

மாரத்தான் 42.195 கிலோமீட்டர். ஓடாதவர்களுக்குப் புரிய வேண்டுமென்றால், திருவண்ணாமலை கிரிவலம் 14 கிலோமீட்டர், அதை மூன்று முறை விடாமல் சுற்றுவது. அல்லது ஆம்பூரில் கிளம்பி, பள்ளிகொண்டாவைத் தாண்டி, வேலூரை நெருங்கும் தூரம். உடம்பு தசையிலும் ஈரலிலும் சேர்த்து வைத்திருக்கும் மாவுச்சத்து பலருக்கும் 30 கிலோமீட்டர் வாக்கில் தீர ஆரம்பிக்கும். கால் கனக்கும், மனசு சோரும். பள்ளிகொண்டா வரை ஓடியது வெறும் பயணம், அதற்கு மேல்தான் மாரத்தான். துணை தேவையில்லாத தூரத்துக்கெல்லாம் துணை போய்விட்டு, தேவைப்படும் இடத்தில் கை காட்டிவிட்டுப் போவதா?

சர்க்கரை உள்ளவருக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. சர்க்கரை இறங்கினால் வியர்க்கும், கை நடுங்கும், பேச்சு குழறும். மாரத்தானின் கடைசியில் களைத்துப்போன எவரும் ஏறக்குறைய அப்படித்தான் தெரிவார். அது களைப்பா, சர்க்கரை இறக்கமா என்று சந்தேகப்பட, அவருடைய வழக்கமான பேச்சும் நடையும் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். வழியில் நிற்கும் தொண்டர்கள் நல்லவர்கள்தான். ஆனால் அவர்களுக்கு இவரை இன்றுதான் தெரியும்.

அடுத்தது, பேஸரின் வேலை என்ன என்பது. கைதட்டி, "வாடா, வேகமா வாடா" என்று இழுப்பது என்று பலர் நினைக்கிறார்கள். முதல் பாதியில் பிடித்து நிறுத்துவதுதான் பெரிய வேலை. 1954 மே 6-ஆம் தேதி ஆக்ஸ்ஃபோர்டில் ரோஜர் பேனிஸ்டர் ஒரு மைலை நான்கு நிமிடத்துக்குள் முதன்முதலாக ஓடினார். 3 நிமிடம் 59.4 விநாடி. முதலில் கிறிஸ் பிராஷரும் பிறகு கிறிஸ் சாட்டவேயும் முன்னால் ஓடி வேகம் பிடித்துக் கொடுத்தார்கள். முதல் சுற்றிலேயே பேனிஸ்டர் பின்னாலிருந்து "வேகமாகப் போ" என்று கத்தினாராம். பிராஷர் தன் வேகத்தை மாற்றவில்லை. அந்த வேகம் சரியாகத்தான் இருந்தது. அந்தப் பிராஷர்தான் 1956-இல் மெல்போர்ன் ஒலிம்பிக்கில் தங்கம் வாங்கினார், பின்னாளில் லண்டன் மாரத்தானைத் தொடங்கியவர்களில் ஒருவரும் ஆனார். அடுத்தவருக்காக ஓடியதால் அவர் எதையும் இழந்துவிடவில்லை.

கணக்கு வாத்தியார் கணக்குப் போடாமல் இருக்க முடியுமா? நம்மவர் ஐந்தரை மணி நேரத்தில் முடிக்க வேண்டுமென்றால் கிலோமீட்டருக்கு 7 நிமிடம் 49 விநாடி. ஆரம்ப உற்சாகத்தில் முதல் 10 கிலோமீட்டரை ஏழு ஏழு நிமிடத்தில் ஓடினால் லாபம் 8 நிமிடம். அதன் பலனாகக் கடைசி 12 கிலோமீட்டரை 11 நிமிட நடையாக நடக்க நேர்ந்தால் நஷ்டம் 38 நிமிடம். இதை ஷூ கம்பெனியில் இருப்பவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. கன்வேயரை வேகமாகத் தள்ளினால் ஜோடி கூடுமா? ஏதோ ஒரு மேஜையில் மால் குவியும், சாயங்காலம் எல்லாம் ரீவொர்க்குக்குத் திரும்பி வரும்.

சரி, மெதுவாக ஓடினால் நம் நேரம் போய்விடுமே என்ற கவலை. கிரெட்டே வைட்ஸ் என்று நார்வே நாட்டு வீராங்கனை ஒருவர். நம்மைப் போலப் பள்ளிக்கூட ஆசிரியையாக இருந்தவர். நியூயார்க் மாரத்தானை ஒன்பது முறை வென்றவர். 1978-இல் அங்கே அவர் முதல்முறை ஓடியதே 2 மணி 32 நிமிடம் 30 விநாடி, அன்றைக்கு அது உலகிலேயே சிறந்த பெண்கள் நேரம். அந்தப் போட்டியை வளர்த்தெடுத்த ஃப்ரெட் லெபோவுக்கு 1990-இல் மூளையில் புற்றுநோய் என்று தெரிந்தது. சிகிச்சைக்குப் பிறகு, அறுபது வயதில், 1992 நவம்பர் 1-ஆம் தேதி அவர் தன் போட்டியில் தானே ஓடினார். பக்கத்தில் கடைசி வரை கிரெட்டே. இருவரும் முடித்த நேரம் 5 மணி 32 நிமிடம் 35 விநாடி. தன் நேரத்தைவிட மூன்று மணி நேரம் அதிகம். 30 கிலோமீட்டரில் விட்டுவிட்டுப் போயிருந்தால் அவர் இன்னும் சீக்கிரம் முடித்திருக்கலாம். லெபோ 1994-இல் காலமானார். கிரெட்டேயின் பெயரைச் சொன்னால் அந்த ஒன்பது வெற்றிகளோடு இந்த ஓட்டத்தையும் சேர்த்தே இன்று சொல்கிறார்கள்.

அதே சமயம் எதிர்க்கேள்வி கேட்ட தம்பியை நான் சுயநலக்காரர் என்று சொல்ல மாட்டேன். மாதக்கணக்கில் நான்கு மணிக்கு அலாரம் வைத்து எழுந்தவருக்குத் தன் நேரம் முக்கியம்தான். அது அவர் உரிமை. "எனக்கு இந்த வருடம் என் நேரம் வேண்டும், நான் கூட வரவில்லை" என்று இன்றே சொல்லிவிடட்டும். யாரும் கோபிக்கக் கூடாது. மூன்று பேரும் கூட ஓட வேண்டிய அவசியம் இல்லை, உறுதியான ஒருவர் போதும். வருகிறேன் என்று சொல்லி அவரை நம்ப வைத்துவிட்டு, நடுவழியில் மனம் மாறுவதைத்தான் தவறு என்கிறேன். கிரிவலத்துக்குப் பாட்டியை அழைத்துப் போகிறவன், பாதி வழியில் "நீ மெதுவா வா" என்று சொல்லிவிட்டுப் போவானா?

கூட ஓடுகிறவர் கவனத்துக்குச் சில விஷயங்கள்:

1. அவர் முழு வாக்கியமாகப் பேச முடிகிற வேகம்தான் சரியான வேகம். ஒற்றைச் சொல்லில் பதில் வந்தால் குறையுங்கள்.

2. "தண்ணி குடி, தண்ணி குடி" என்று திணிக்காதீர்கள். 2002 பாஸ்டன் மாரத்தானில் 488 பேரை ஆராய்ந்ததில் 13 சதவீதம் பேருக்கு ரத்தத்தில் சோடியம் குறைந்திருந்தது, அளவுக்கு மீறிக் குடித்ததே முக்கியக் காரணம். தாகத்துக்குக் குடிக்கட்டும்.

3. குளுக்கோஸ் உங்கள் பையிலும் இருக்கட்டும். எப்போது, எவ்வளவு என்று அவருடைய டாக்டரிடம் முன்பே கேட்டு எழுதி வாங்குங்கள்.

4. நெஞ்சுவலி, தள்ளாட்டம், சம்பந்தமில்லாத பதில், இவற்றில் ஒன்று வந்தாலும் ஓட்டம் அங்கேயே முடிந்தது. நிறுத்தச் சொல்லும் அதிகாரம் உங்களுடையது என்று இன்றே அவரிடம் ஒப்புதல் வாங்கிவிடுங்கள். 35-ஆவது கிலோமீட்டரில் யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

5. பதிவு செய்யாதவர் நடுவில் சேர்ந்து ஓடக் கூடாது. "நான் பைக்கில் கூடவே வருகிறேன் சார்" என்ற தம்பிக்கும் இதே பதில்தான்.

6. புது ஷூ அன்றைக்கு வேண்டாம். ஷூ ஊர்க்காரர்களுக்கு இதைச் சொல்வது அதிகப்பிரசங்கித்தனம், இருந்தாலும் சொல்கிறேன்.

யார் கூட ஓடப் போகிறீர்கள் என்பதை இந்த ஞாயிற்றுக்கிழமைக்குள் முடிவு செய்து அவரிடம் நேரில் போய்ச் சொல்லுங்கள். குழுவில் கட்டைவிரல் படம் போட்டால் போதாது. அவர் அதை நம்பித்தான் மீதிப் பயிற்சியைச் செய்யப் போகிறார்.

மாற்றுக் கருத்து இருந்தால் தாராளமாக எழுதுங்கள். வகுப்பில்கூட எதிர்க்கேள்வி கேட்டவர்களை நான் உட்காரச் சொன்னதில்லை.