ஒரு வசனமும் எழுபது ஆண்டுகளும்

ஒரு கூற்றின் பொருளை அறிய விழைவோர், அதனைக் கூறினார் யார், கேட்டார் யார், எவ்விடத்து, எக்காலத்து என முதற்கண் வினவுதல் வேண்டும். தமிழ்ச் சிறப்புப் பாடம் பயிலும் நமக்கு இது புதிதன்று. கூற்று, கேட்போர், களன், காலம் என்பவற்றைத் தொல்காப்பியனார் செய்யுளுறுப்புக்களுள் வைத்து எண்ணினார். குறுந்தொகைப் பாட்டொன்று தலைவி கூற்றோ தோழி கூற்றோ எனத் தெளியாது அதற்குப் பொருளுரைக்க நாம் துணிவதில்லை. திருமறையிடத்து மட்டும் அத்துணிவு நமக்கு எங்ஙனம் வந்தது?

எரேமியா 29ஆம் அதிகாரம், 11ஆம் வசனத்தை எடுத்துக்கொள்வோம். தம் மக்களுக்குக் கர்த்தர் கருதுவது நன்மையே என்பது அதன் கருத்து. விடுதியறைச் சுவரிலும், புத்தாண்டு வாக்குத்தத்த அட்டையிலும், கைப்பேசித் திரையிலும் அதனைக் காண்கின்றோம். பரீட்சை நெருங்குங்கால், வெற்றி உறுதி என்பதற்கு எழுதித்தந்த சீட்டாகவே அதனைக் கொள்கின்றோம்.

அவ்வசனமோ ஒரு கடிதத்தின் பகுதி. கி.மு. 597இல் நேபுகாத்நேச்சார், எகொனியா அரசனையும் குடிகள் பலரையும் எருசலேமினின்று பாபிலோனுக்குச் சிறைகொண்டு போயினான். அவர்கட்கு எரேமியா விடுத்த கடிதம் அஃது. ஈராண்டில் யாவரும் மீள்வர் என அனனியா என்பான் முன்னரே உரைத்திருந்தான். அவ்வுரை செவிக்கு இனித்தது. எரேமியாவோ, பகைவர் நாட்டிலேயே வீடு கட்டவும், தோட்டம் வைக்கவும், மணம் புரிந்து மக்களைப் பெறவும், அந்நகரின் நலத்துக்காக மன்றாடவும் பணித்தார். எழுபது ஆண்டு நிறைந்த பின்னரே மீட்சி என்பது நம் வசனத்துக்கு முந்திய வசனம்! கோரேஸ் பாபிலோனைக் கைப்பற்றியது கி.மு. 539இல். கடிதத்தைக் கேட்ட முதியோர் பலர் தம் ஊரை மீளக் கண்டிரார். அவர்தம் பெயரரே கண்டிருப்பர்.

அங்ஙனமாயின் இவ்வசனம் நமக்கு ஆகாதோ எனின், ஆகும். ஆயின் அது தரும் ஆறுதல் வேறு. விரும்பியது கைகூடாத இடத்திலும் கடவுள் நம்மை மறவார். ஆதலின் அவ்விடத்தேயே நம் கடமையைச் செய்க என்பதே அது.

விடுதியில் நம் நண்பரொருவர்க்குப் பரீட்சைக்கு முன்னர் இவ்வசன அட்டையை அன்புடன் அளித்தோம். அவர் தேறவில்லை. வசனம் பொய்த்தது என்று கூறி அட்டையைச் சுவரினின்று கழற்றினார். நாம் வாய் திறவாது நின்றோம். பொய்த்தது நாம் உரைத்த பொருள் என அன்று அவரிடம் சொல்ல நமக்குத் தெரிந்திலது. தேறாதவர்க்கென்றே எழுதப்பட்டது போன்ற அக்கடிதத்தை, தேறுவோர்க்குரிய பரிசாக அன்றோ நாம் அவர் கையிற் கொடுத்தோம்!

இனி ஒரு வசனத்தைப் பிறர்க்கு ஈயுமுன், அதன் அதிகாரம் முழுவதையும் ஒருமுறையேனும் வாசிப்போமாக.