ஹன்ளலாவைச் சட்டையில் அணிந்தால் போதுமா?



ஒட்டுப்போட்ட உடை, வெறுங்கால், முள்ளாய்க் குத்திட்டு நிற்கும் தலைமுடி. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நமக்கு முதுகைக் காட்டி நிற்கும் ஒரு சிறுவன். பாலஸ்தீன ஆதரவுப் பேரணிகளின் பதாகைகளில் இவனைப் பார்த்திருப்பீர்கள். சட்டையிலும் சாவிக்கொத்திலும் இவன் விற்பனையாகிறான். 2025 ஜூலையில் காஸாவுக்கு உதவிப் பொருள்களுடன் சென்று, நடுக்கடலில் இஸ்ரேலியப் படையால் வழிமறிக்கப்பட்ட கப்பலுக்கும் இவன் பெயர்தான். ஹன்ளலா! இவனை வரைந்த நாஜி அல் அலீ யார், அவருக்கு என்ன நேர்ந்தது என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

கலீலியாவில் அல் ஷஜரா என்ற கிராமத்தில் 1938 வாக்கில் பிறந்தவர் நாஜி. 1948இல் ஊரே விரட்டப்பட்டபோது அவருக்கு வயது பத்து. லெபனானில் அயினுல் ஹில்வா அகதி முகாமில் வளர்ந்தார். மெக்கானிக் வேலை பார்த்தார். அரசியல் பேசியதற்காகச் சிறைக்குப் போனார். சிறைச் சுவரிலேயே படம் வரைந்தார். முகாமுக்கு வந்த எழுத்தாளர் கஸ்ஸான் கனஃபானி அந்தத் திறமையைக் கண்டு 1961இல் பத்திரிகையில் வெளியிட்டார். அந்தக் கனஃபானியே 1972இல் பெய்ரூத்தில் கார் வெடிகுண்டுக்குப் பலியானார்.

1969இல் குவைத்தின் அஸ்ஸியாஸா நாளிதழில் ஹன்ளலா பிறந்தான். ஹன்ளல் என்றால் பேய்க்குமட்டி. வெட்டினால் மீண்டும் துளிர்க்கும் கசப்புக் கொடி! அவன் வயது என்றும் பத்துதான். தாயகம் திரும்பிய பிறகே அவன் வளர்வான் என்றார் நாஜி. 1973 முதல் அவன் உலகுக்கு முதுகைக் காட்டி நின்றான். பாலஸ்தீனர்களைக் கேட்காமல் வல்லரசுகள் தீட்டும் 'தீர்வு'களை ஏற்க மறுத்த முதுகு அது!

இங்கேதான் நாம் கவனிக்க வேண்டும். நாஜி இஸ்ரேலையும் அமெரிக்காவையும் மட்டும் சாடியிருந்தால் அரபுலகில் மாலையும் மரியாதையும் குவிந்திருக்கும். அவரோ எண்ணெய்ப் பணத்தில் கொழுத்த ஆட்சியாளர்களையும், பேரம் பேசிய பாலஸ்தீனத் தலைவர்களையும் பாதமில்லாத கொழுத்த உருவங்களாக வரைந்தார். அதே தூரிகை முகாமின் ஏழையை ஒருநாளும் இழிவுபடுத்தவில்லை. விட்டுக்கொடுக்காத ஃபாத்திமா என்ற பெண்மணியை அவர் கண்ணியத்தோடு வரைந்தார். நையாண்டிக்கும் அவதூறுக்கும் உள்ள வேறுபாடு இதுதான். அதிகாரம் உள்ளவனிடம் கணக்குக் கேட்பது நையாண்டி. நாதியற்றவனைப் பார்த்துச் சிரிப்பது அவதூறு.

விலை என்ன? 1985இல் குவைத்திலிருந்து வெளியேற்றப்பட்டார். அல்கபஸ் ஏடு அவரைக் கைவிடாமல் லண்டனில் இடம் கொடுத்தது. 1987 ஜூலை 22 அன்று அந்த அலுவலகத்துக்கு வெளியே சுடப்பட்டார். ஐந்து வாரங்கள் நினைவின்றிக் கிடந்து ஆகஸ்ட் 29இல் வஃபாத்தானார். சந்தேகம் மொஸாத் மீதும் விழுந்தது, பாலஸ்தீன இயக்கத்தினர் மீதும் விழுந்தது. 2017இல் லண்டன் காவல்துறை மீண்டும் விசாரணையைத் தொடங்கியது. கொலைக் குற்றத்துக்காக இதுவரை எவரும் தண்டிக்கப்படவில்லை. கொன்றது யார் என்று கேட்டால் எதிரி, சொந்தக்காரர் என்று இரு பக்கமும் விரல் நீள்கிறதே, இதைவிட வேதனை உண்டா?

"நம் குறையை நாமே சொன்னால் எதிரிக்கு லாபமல்லவா?" என்று சிலர் கேட்கிறார்கள். நாஜியிடமும் இதையே கேட்டிருப்பார்கள். எதிரிக்கு லாபம் தருவது குறையைச் சொல்வதா, குறையை வளர விடுவதா? தலைவர்களின் பேரத்தை மூடி மறைத்திருந்தால் அகதிக்கு ஒரு சாண் நிலமாவது திரும்பக் கிடைத்திருக்குமா?

அநியாயக்கார ஆட்சியாளன் முன் உண்மை பேசுவதின் சிறப்பை ஜும்ஆ மேடைகளில் கேட்டுக் கண்கலங்குகிறோம். ஆனால் நம் ஜமாஅத்தில் ஓர் இளைஞன் வரவு செலவுக் கணக்குக் கேட்டால் 'குழப்பவாதி' என்கிறோம். நம் இயக்கத் தலைவரை ஒரு கேலிச்சித்திரம் சீண்டினால் இதழையே நிறுத்தச் சொல்கிறோம். இது என்ன நியாயம்?

வணிகப் பெருமக்களே! பத்திரிகை விளம்பரத்தில்தான் உயிர் வாழ்கிறது. உங்களைப் புகழும் மலருக்கு முழுப்பக்க விளம்பரம் தருகிறீர்கள். உங்களையும் உரசிப் பார்க்கும் ஏட்டுக்கு, அது உண்மை சொல்லும்வரை, கால் பக்கமாவது தாருங்கள். இளைஞர்களே! ஹன்ளலாவைத் தாராளமாக அணியுங்கள். அடுத்த மஹல்லா கூட்டத்தில் ஒருவன் எழுந்து நேர்மையாகக் கேள்வி கேட்டால், அவனை உட்காரச் சொல்லிச் சத்தமிடும் கூட்டத்தில் மட்டும் சேராதீர்கள். அவன் பக்கத்தில் எழுந்து நில்லுங்கள்!