கிணற்றின் அடியில் என்ன?



எட்டாம் வகுப்பு மாணவி ஒருவர் எங்களுக்கு ஓர் அஞ்சலட்டை அனுப்பியிருந்தார். பாதி அட்டையில் கறுப்புப் பேனாவால் வரைந்த ஒரு கிணறு. மையை அழுத்தி அழுத்தித் தேய்த்ததில் ஓரிடத்தில் அட்டையே நைந்திருந்தது. கீழே ஒரே கேள்வி: “கருந்துளைக்குள் விழுந்த பொருள் அடியில் போய் என்ன ஆகும்?”

இரண்டு வாரமாக அந்தக் கேள்வியோடுதான் இருக்கிறேன்.

சூரியனைப்போல் 10 மடங்கு நிறையுள்ள சிறிய கருந்துளை என்றால், பாறாங்கல்கூட அதன் எல்லையை, அதாவது தாண்டினால் திரும்ப முடியாத இடத்தை, தொடும் முன்பே சிதைந்துவிடும். கல்லின் முன்பக்கத்தை இழுக்கும் ஈர்ப்பு பின்பக்கத்தை இழுப்பதைவிட அவ்வளவு அதிகம். இடியாப்ப மாவு அச்சில் பிழிபடுவதுபோலப் பக்கவாட்டில் நசுங்கி, நூலாக நீண்டு போகும்.

பெரிய கருந்துளையில் கதை வேறு. 2019 ஏப்ரலில் உலகமே ஒரு கருந்துளையின் படத்தை முதன்முதலாகப் பார்த்ததே, அது எம்87 விண்மீன் மண்டலத்தில் இருப்பது; அதன் நிறை சுமார் 650 கோடி சூரியன்கள். அவ்வளவு பெரியதன் எல்லையில் இழுவிசை வேறுபாடு மிகச் சொற்பம். அங்கே சுவர் இல்லை, கோடு இல்லை. ஐன்ஸ்டைனின் கணக்குப்படி, கல் முழுசாகவே உள்ளே போய்விடும்.

உள்ளே போன பிறகுதான் விஷயமே. கிணற்றுக்கு அடி உண்டு. கருந்துளைக்கு அப்படி ஓர் அடி கிடையாது. எல்லையைத் தாண்டிய பொருளுக்கு மையம் என்பது ஓர் இடமல்ல, வரப்போகும் ஒரு நேரம். எந்தத் திசையில் ஓடினாலும் நாளைய பொழுது விடிந்தே தீருமல்லவா, அப்படி. சுழற்சியைக் கணக்கில் சேர்க்காவிட்டால், எம்87 கருந்துளைக்குள் அந்தக் கெடு அதிகபட்சம் 28 மணி நேரம். நம் பால்வீதியின் நடுவில் உள்ளதில் ஒரு நிமிடத்துக்குச் சற்றே கூடுதல். எந்த ராக்கெட்டாலும் அதை நீட்டிக்க முடியாது.

ஈர்ப்பு எப்படிப் பொருளின் பாதைகளையெல்லாம் ஒன்றை நோக்கி ஒன்றைக் குவிக்கிறது என்பதற்குச் சமன்பாடு தந்தவர் கொல்கத்தாவின் அமல்குமார் ராய்சௌதுரி. ஆண்டு 1955. பத்து ஆண்டு கழித்து, அந்தக் குவிதலைக் கொண்டே ரோஜர் பென்ரோஸ், கருந்துளைக்குள் பாதைகள் முடிந்துபோவது தவிர்க்க முடியாதது என்று நிறுவினார்; அதற்கு 2020இல் நோபல் பரிசு கிடைத்தது. ராய்சௌதுரியின் பெயரை நம் பிள்ளைகள் இன்னும் உரக்கச் சொல்ல வேண்டும் என்பது என் ஆசை.

முடிவில் அணுவும் அதற்குள் இருக்கும் குவார்க்கும் என்ன ஆகின்றன? அடர்த்தி முடிவிலி என்கிறது ஐன்ஸ்டைனின் சமன்பாடு. அதை நான் விடையாக எடுத்துக்கொள்ளவில்லை. சமன்பாடு கைவிரித்துவிட்ட இடம் அது. ஈர்ப்பையும் குவாண்டத்தையும் சேர்த்துப் பேசும் கொள்கை ஒன்று உருவாகும்வரை அதற்கு மேல் போக வழியில்லை.

“இன்னொரு கிணறு வரைந்து பாரம்மா. அடியை மட்டும் விட்டுவிடு. அந்த இடத்தில் ஒரு கடிகாரம் வரை” என்று மாணவிக்குப் பதில் போட்டிருக்கிறேன். அடுத்த அட்டைக்காகக் காத்திருக்கிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்