இளையோர் ஏறட்டும், பெரியோர் தாங்கட்டும்

தைப்பூசத் திருநாளன்று சிராங்கூன் சாலை ஸ்ரீ சீனிவாசப் பெருமாள் ஆலயத்திலிருந்து டேங்க் ரோடு ஸ்ரீ தெண்டாயுதபாணி ஆலயம் வரை நடந்து செல்லும் அன்பர்கள் ஒரு காட்சியைக் காணத் தவறுவதில்லை. காவடிக்கு முன்னே வழிவிலக்கிச் செல்பவன் பதினாறு வயது நிரம்பாத பையன். தண்ணீர்ப் பந்தலில் குவளையை நீட்டும் கை, உயர்நிலைப் பள்ளியில் பயிலும் ஒரு பெண்ணின் கை. அன்னதானக் கூடத்தில் பரிமாறுவோரும், எச்சில் தட்டுகளை அகற்றித் தரையைத் துடைப்போரும் பெரும்பாலும் இளையரே. திருவிழாவின் உடலுழைப்பில் அவர்களின் பங்கு கண்கூடு. ஆனால், அந்தப் பந்தலை எங்கே அமைப்பது, அந்தக் கூடத்தில் வரிசையை எப்படி நிறுத்துவது என்று முடிவு செய்த கூட்டத்தில் அவர்களில் எத்தனை பேர் அமர்ந்திருந்தார்கள்?

இக்கேள்வியை இன்று எழுப்புவதற்குக் காரணம் உண்டு. இதே இளையரில் பலர் பள்ளி விடுமுறையில் தலைமைத்துவப் பயிற்சி முகாம்களுக்குச் சென்று வந்தவர்கள். அங்கே ‘நீ தலைவன், நீ தலைவி, முடிவெடு’ என்று சொல்லப்பட்டவர்கள். திரும்பி வந்து ஆலய வாசலில் நின்றால், ‘தம்பி, இந்தக் கயிற்றைப் பிடித்துக்கொள்’ என்பதற்கு மேல் அவர்களிடம் ஒன்றும் ஒப்படைக்கப்படுவதில்லை. முகாம் கற்பித்ததை ஆலயம் பயன்படுத்திக்கொள்ளத் தவறினால் இழப்பு யாருக்கு என்பதைப் பெரியோர் எண்ணிப் பார்க்க வேண்டும்.

முகாம் பிறந்த கதை

இளையரை வீட்டிலிருந்து பிரித்து, வெட்டவெளியில் சில நாள் தங்கவைத்துப் பயிற்றும் முறைக்கு நூறாண்டுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. 1907ஆம் ஆண்டு இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவில் பேடன் பவல் சுமார் இருபது சிறுவர்களைக் கொண்டு நடத்திய முகாமிலிருந்தே சாரணர் இயக்கம் வளர்ந்தது. 1941ஆம் ஆண்டு, உலகப்போர் மூண்டிருந்த வேளையில், வேல்ஸ் நாட்டின் அபர்டோவி என்னும் கடலோர ஊரில் கர்ட் ஹான் என்ற கல்வியாளர் அவுட்வர்ட் பவுண்ட் பள்ளியைத் தொடங்கினார். அதற்குத் துணைநின்றவர் புளூ ஃபன்னல் கப்பல் நிறுவனத்தைச் சேர்ந்த லாரன்ஸ் ஹோல்ட். சிங்கப்பூர்த் துறைமுகத்துக்கு நெடுங்காலம் வந்துபோன கப்பல்கள் அந்த நிறுவனத்தினுடையவை.

ஹோல்டின் கவலை சிந்திக்கத் தக்கது. குண்டடிபட்டுக் கப்பல் மூழ்கும்போது, உடல்வலிமை மிக்க இளம் மாலுமிகள் மாண்டுபோக, வயது முதிர்ந்தவர்கள் உயிர்தப்புகிறார்கள் என்பது அவர் கண்ட முடிவு. இளைஞருக்கு இல்லாதது வலிமையன்று. கடலோடு பழகிய அனுபவமும் அதனால் வரும் தன்னம்பிக்கையுமே என்று அவர் கருதினார். முதியோரின் அனுபவத்தை இளையோருக்கு விரைவில் ஊட்டுவதே அப்பள்ளியின் நோக்கமாயிற்று.

அந்த மரபைச் சிங்கப்பூருக்குக் கொண்டுவந்தவர் டாக்டர் கோ கெங் சுவீ. 1967ஆம் ஆண்டில், நாடு விடுதலை பெற்று இரண்டே ஆண்டுகள் ஆகியிருந்தபோது, புலாவ் உபின் தீவில் அவுட்வர்ட் பவுண்ட் பள்ளி தொடங்கப்பெற்றது. தேசிய சேவை தொடங்கியதும் அதே ஆண்டில்தான். பின்னர் 2016ஆம் ஆண்டில் கல்வி அமைச்சு அறிவித்த திட்டம், உயர்நிலை மூன்றாம் ஆண்டு மாணவர் அனைவரையும் ஐந்து நாள் முகாமுக்கு அனுப்புவதை இலக்காகக் கொண்டது. ஒரு காலத்தில் சிலருக்கு மட்டும் கிட்டிய வாய்ப்பு, எல்லார் வீட்டுப் பிள்ளைக்கும் உரியதாக ஆகி வருகிறது.

ஐந்து நாள் என்ன தரும்?

பெற்றோரில் சிலர் இம்முகாம்களை ஐயத்தோடு நோக்குகின்றனர். துணைப்பாட வகுப்பு தவறிப்போகிறதே என்பது ஒரு கவலை; பெண்பிள்ளையை இரவில் வெளியே தங்கவிடுவதா என்பது மற்றொரு கவலை. இவற்றை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. எனினும் முகாமில் நடப்பது என்னவென்று பார்த்தால் ஐயம் ஓரளவு தெளியும்.

பீப்பாய்களையும் கழிகளையும் கயிற்றால் பிணைத்துத் தெப்பம் கட்டச் சொல்கிறார்கள். முடிச்சு சரியாக விழாவிட்டால் நடுநீரில் அது பிரிந்துபோகும். யாருடைய முடிச்சு என்று வாதிட நேரமிராது. இரவில் சமைத்து உண்ண வேண்டும். அரிசி கருகினால் கருகிய சோறுதான் உணவு. வெவ்வேறு பள்ளிகளிலிருந்து வந்த சீன, மலாய், இந்தியப் பிள்ளைகள் ஒரே குழுவில் இருப்பார்கள். அவர்களிடையே தான் ஒருவனே தமிழனாக இருக்கும் சிறுவன், ‘உன் வீட்டில் என்ன கும்பிடுகிறீர்கள், ஏன் அலகு குத்திக்கொள்கிறீர்கள்?’ என்ற கேள்விக்கு முதன்முறையாகத் தானே விடை சொல்ல வேண்டியிருக்கும். அப்பா அருகில் இல்லை. ஆசிரியர் அருகில் இல்லை. விடை தெரியாமல் விழித்தவன் ஊர் திரும்பியதும் பாட்டியிடம் கேட்பான். அந்த ஒரு கேள்விக்காகவே அவனை முகாமுக்கு அனுப்பலாம்.

ஆனால் முகாமுக்கு ஓர் எல்லையும் உண்டு. அங்கே நேரும் ஆபத்து அளந்து வைக்கப்பட்ட ஆபத்து. தெப்பம் கவிழ்ந்தாலும் உயிர்காப்பு அங்கி உடலில் இருக்கும். பயிற்றுநர் பக்கத்திலேயே நிற்பார். ஐந்தாம் நாள் பேருந்து வந்துவிடும். அன்றைய தலைவன் எடுத்த தவறான முடிவால் வேறெவரும் நெடுநாள் வருந்துவதில்லை. ஆகவே முகாம் நாற்றங்கால் போன்றது. நாற்றைப் பறித்து நட ஒரு வயல் வேண்டும். வயல் இல்லையேல் நாற்று அங்கேயே பழுத்துப்போகும்.

திருவிழாவே வயல்

அந்த வயல் ஆலயத் திருவிழாவன்றி வேறெது? தைப்பூசத்தையே எடுத்துக்கொள்வோர் உணர்வர். நள்ளிரவில் தொடங்கும் பால்குடங்கள், பிறகு வரும் காவடிகள், அலகு குத்தும் இடத்து நெரிசல், ஒரு காவடிக்கும் அடுத்ததற்கும் விடவேண்டிய இடைவெளி, வாகனங்கள் ஓடும் சாலையின் ஓரம், மயங்கி விழும் அடியார், தாயைப் பிரிந்து அழும் குழந்தை, படமெடுக்க முண்டியடிக்கும் சுற்றுப்பயணி, டேங்க் ரோட்டில் காவடி இறக்குவோரின் களைப்பு, அன்னதானத்தின் நீண்ட வரிசை ஆகிய ஒவ்வொன்றிலும் நொடிக்கு நொடி முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. தீமிதி நாளன்று பெருமாள் ஆலயத்திலிருந்து சவுத் பிரிட்ஜ் ரோடு ஸ்ரீ மாரியம்மன் ஆலயத்துக்கு அடியார்கள் செல்லும்போதும் இதே நிலைதான். இங்கே தவறு நேர்ந்தால் வருந்துவோர் உண்மையான மனிதர்கள். இதைவிடச் சிறந்த பயிற்சிக்களம் எந்தத் தீவில் கிடைக்கும்?

இவ்வறிவு ஏட்டில் எழுதி வைக்கப்பட்டதன்று; மூத்த தொண்டூழியரின் அருகில் நின்று, கண்ணால் கண்டு, கையால் செய்து பெறப்படுவது. அந்தச் சங்கிலி எவ்வளவு மெல்லியது என்பதைக் கொவிட் கிருமித்தொற்றுக் காலம் காட்டிவிட்டது. 2021, 2022 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் தைப்பூசப் பாதயாத்திரை நடைபெறவில்லை. 2023இல்தான் மீண்டும் காவடிகள் வீதிக்கு வந்தன. 2020இல் பதினான்கு வயதுப் பையனாக வேடிக்கை பார்த்தவன், 2023இல் பதினேழு வயது இளைஞனாக வந்து நின்றான். இடையில் அவனுக்குச் சொல்லிக்கொடுக்க மூத்தோருக்கு ஒரு திருவிழாவும் வாய்க்கவில்லை. அவன் பதினெட்டைத் தாண்டியதும் தேசிய சேவை அழைக்கிறது. அதன்பின் மேற்படிப்பு, வேலை. ஒரு தலைமுறையைப் பிடித்துவைக்க ஆலயத்துக்குக் கிடைப்பது பதின்ம வயதின் நான்கைந்து ஆண்டுகளே. அதில் இரண்டு போனால் மிச்சம் எவ்வளவு?

2020ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி சிங்கப்பூர்வாசிகளில் இந்துக்கள் ஏறத்தாழ 5 விழுக்காட்டினர். சிறிய சமூகம், பெரிய ஆலயங்கள். 1827ஆம் ஆண்டில் நாராயண பிள்ளையின் முயற்சியால் அத்தாப்புக் கூரையின் கீழ் தொடங்கிய மாரியம்மன் ஆலயம் இன்று தேசிய நினைவுச் சின்னமாக நிற்கிறது. 1969ஆம் ஆண்டு முதல் இந்து அறக்கட்டளை வாரியம் அதனையும் பெருமாள் ஆலயத்தையும் நிர்வகித்து வருகிறது. டேங்க் ரோடு ஆலயமோ நகரத்தார் பெருமக்களின் நெடுங்காலப் பொறுப்பில் உள்ளது. கோபுரத்துக்குக் குடமுழுக்கு நடத்திப் புதுப்பிக்கலாம். நிர்வாகம் அறிந்த மனிதரை அப்படிப் புதுப்பிக்க இயலுமா?

சிவிகை சொல்லும் பாடம்

‘சிறு பிள்ளைகளிடம் பொறுப்பைக் கொடுப்பதா?’ என்று தயங்கும் பெரியோர், தாங்கள் நாள்தோறும் வணங்கும் மூர்த்தியை நினைவுகூர வேண்டும். தந்தைக்கே பிரணவப் பொருள் உபதேசித்த பிள்ளையைச் சுவாமிமலையில் குருநாதனாகக் கொண்டாடும் சமயம் இது. இளமையையே வடிவாகக் கொண்டவனன்றோ டேங்க் ரோட்டில் தண்டு தாங்கி நிற்கிறான்?

அதனினும் தெளிவான பாடம் பெரிய புராணத்தில் உண்டு. பாண்டிநாட்டிலிருந்து திரும்பிய ஞானசம்பந்தர், திருநாவுக்கரசர் தங்கியிருந்த திருப்பூந்துருத்தியை நோக்கி முத்துச் சிவிகையில் வந்துகொண்டிருந்தார். முதுமையடைந்த நாவுக்கரசர் எதிர்சென்று, யாரும் அறியாவண்ணம் கூட்டத்தில் புகுந்து, சிவிகையைத் தாங்குவோரில் ஒருவராய்த் தோள்கொடுத்தார். ஊரை நெருங்கியதும் அப்பர் எங்கே என்று சம்பந்தர் வினவ, உம்மைத் தாங்கும் பேறுபெற்று இங்கே இருக்கிறேன் என்னும் கருத்துப்பட விடை கீழிருந்து வந்தது. சம்பந்தர் பதறி இறங்கி வணங்கினார்.

இந்நிகழ்ச்சியில் இருவருக்கும் பாடம் இருக்கிறது. உழவாரம் ஏந்திக் கோயில் கோயிலாகப் புல் செதுக்கிய அப்பர், இளையவரைத் தாங்குவதைத் தாழ்வாகக் கருதவில்லை. அது பெரியோருக்கு. தாங்கப்பட்டவர் சிவிகையிலேயே அமர்ந்திருக்கவில்லை, இறங்கி வணங்கினார். இது இளையோருக்கு. பள்ளி கேட்கும் சேவை மணிகளைக் கணக்கிட்டு, சான்றிதழில் கையொப்பம் பெற்றதும் மறைந்துவிடும் பிள்ளைகளும் இருக்கத்தான் செய்கிறார்கள். முகாமில் ஒருநாள் தலைவனாக இருந்தவன், ஆலயத்தில் தட்டு எடுப்பதை இழிவென்று நினைப்பானாயின் அவன் கற்றது தலைமையன்று.

செய்யத் தக்கவை

செய்ய வேண்டியது மலையைப் புரட்டும் வேலையன்று. ஒவ்வோர் ஆலயமும் தன் ஆண்டுத் திருவிழாவில் ஒரேயொரு பகுதியை, தண்ணீர்ப் பந்தலையோ அன்னதான வரிசையையோ காலணி வைக்கும் இடத்தையோ, பதினாறு முதல் பத்தொன்பது வயதுள்ள ஆண்களும் பெண்களும் அடங்கிய குழுவிடம் முழுமையாக ஒப்படைக்கட்டும். திட்டம், செலவுக் கணக்கு, ஆள் பங்கீடு யாவும் அவர்களுடையதாக இருக்கட்டும். அனுபவம் வாய்ந்த ஒருவர் அருகில் இருக்கட்டும். கேட்டால் மட்டும் சொல்லட்டும். உரிமம், காவல்துறை நிபந்தனை, கூட்டப் பாதுகாப்பு போன்றவை சட்டப்படி பெரியோரின் பொறுப்பு. அவை அவர்களிடமே இருப்பதுதான் முறை.

திருவிழா முடிந்த மறுவாரம் அக்குழுவை நிர்வாகக் குழுவின் முன் அழைத்து, எது சரியாக நடந்தது, எது தவறியது என்று கூறச் செய்ய வேண்டும். முகாம்களில் ஒவ்வொரு நாள் முடிவிலும் நடப்பது இதுவே. அவர்கள் சொல்வது குறிப்பேட்டில் ஏற வேண்டும். அடுத்த ஆண்டு அதன்படி ஒன்றேனும் மாற வேண்டும். தட்டுத்தடுமாறித் தமிழில் பேசுவோரை நகையாடாமல் பேசவிட வேண்டும். தேசிய சேவைக்குச் சென்ற இளைஞனின் இடத்தைக் காத்து வைத்து, அவன் திரும்பிய அன்று அழைத்துக் கொடுக்க வேண்டும். இளையருக்கு முகாம் நடத்தும் சமய அமைப்புகள் அதன் கடைசி நாளை ஆலயத்திலேயே நடத்தி, திருவிழாப் பொறுப்பை அங்கேயே கையளிக்கலாம்.

தவறுகள் நேரும். ஓராண்டு மோர் போதாமற் போகலாம், வரிசை தடுமாறலாம். அந்தக் குறையைச் சிறிது பொறுத்துக்கொள்வது அடியார்களும் செய்யத்தக்க தொண்டு. மோர் குறைந்தால் அடுத்த ஆண்டு கூட்டிக்கொள்ளலாம். பொறுப்பேற்க ஆளில்லாமற் போனால் எந்தக் கடையில் வாங்குவது?

இவ்வாண்டுத் திருவிழாவுக்கான முதல் ஆலோசனைக் கூட்டத்தில் இரண்டு நாற்காலிகள் இளையருக்கென்று போடப்படட்டும். தோள்கொடுக்கப் பெரியோர் முன்வந்தால், ஏறவும் வேண்டும்போது இறங்கவும் இளையோர் கற்றுக்கொள்வார்கள். தண்டாயுதபாணியின் திருவருள் அதற்குத் துணைநிற்பதாக.