பனிமலையில் பிள்ளைகளுக்கு ஓர் ஆசான்



குளிர்கால விடுமுறையை ஆல்ப்ஸ் மலையில் கழிப்பது ஐரோப்பியக் குடும்பங்கள் பலவற்றின் வழக்கம். சுவிட்சர்லாந்தில் பல பள்ளிகள் மாணவரைப் பனிச்சறுக்கு முகாமுக்கு அழைத்துச் செல்வதால், அங்குக் குடியேறிய நம் தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகளும் இக்கலையை விரும்புகின்றனர். விடுதியையும் உடையையும் பலமுறை ஆராயும் பெற்றோர், பிள்ளையை எத்தகைய வகுப்பில் ஒப்படைப்பது என்பதை மட்டும் விலைப்பட்டியலைக் கொண்டே தீர்மானித்துவிடுவதுண்டு. முதல் நாள் அச்சம் சில பிள்ளைகளை வாழ்நாள் முழுவதும் பனியை வெறுக்கச் செய்துவிடும். ஆதலால் இத்தேர்வில் கவனம் தேவை.

ஆஸ்திரியாவின் சாங்க்ட் அன்டன் என்னும் மலையூரில், ஹான்னஸ் ஷ்னைடர் என்பவர் 1920-களின் தொடக்கத்தில் பள்ளி நிறுவி, மாணவரைத் திறமைக்கேற்பப் பிரித்துக் கற்பித்தார். இன்றும் நல்ல பள்ளியின் அடையாளம் அதுவே. 1945-இல் தோன்றிய பிரெஞ்சுப் பனிச்சறுக்குப் பள்ளி, சிறுவர்க்குரிய நிலைகளுக்குக் கரடிக்குட்டி, பனித்துகள், முதல் நட்சத்திரம் எனப் பெயரிட்டுள்ளது. வார இறுதியில் பதக்கமும் கிடைக்கும். பதக்கத்தின் மீதுள்ள ஆசையால் பிள்ளையின் நிலையை உயர்த்திக் கூறிப் பதிவு செய்யாதீர்கள். தோழர்கள் விரைந்து செல்ல, தான் மட்டும் சரிவில் நின்று அழும் குழந்தையின் துன்பம் பெரிது.

மூன்று வயதிலேயே சேர்த்துக்கொள்ளும் பனிச்சோலைகள் உண்டு. எனினும் அவ்வயதில் விளையாட்டே பாடம். நான்கைந்து வயதினருக்கு அரை நாள் வகுப்பே போதுமானது. பலகைகளின் முன்நுனிகளை நெருக்கிப் பின்முனைகளை அகற்றி, கூரை முகடு போல் அமைத்து வேகத்தைத் தணிப்பதே முதற்பாடம். இதற்குச் சிறு கால்கள் மிகவும் உழைக்க வேண்டும். முழு நாள் வகுப்பு பெற்றோருக்கு ஓய்வு தரும். பிள்ளைக்கோ களைப்பையே தரும்.

குழு வகுப்பா, தனி ஆசிரியரா? பெரும்பாலான பிள்ளைகளுக்குக் குழுவே நன்று. ஒருவர் விழுந்து எழுவதைக் கண்டு மற்றவர் துணிவு கொள்வர். மிகுந்த அச்சமுள்ள பிள்ளைக்கும், உடற்குறை காரணமாகத் தனிக்கவனம் தேவைப்படும் பிள்ளைக்கும் தனி ஆசிரியர் ஏற்றவர். வசதி கருதி அண்ணனையும் தங்கையையும் ஒரே வகுப்பில் சேர்த்தல் இருவருக்கும் நன்மை பயக்காது.

பணம் செலுத்துமுன் சில கேள்விகளைக் கேளுங்கள். ஓர் ஆசிரியருக்கு எத்தனை பிள்ளைகள்? வாரம் முழுவதும் அதே ஆசிரியர்தாமா? பிள்ளைக்குப் புரியும் மொழியில் பேசுவாரா? குளிர் தாங்காத பிள்ளை உள்ளே சென்று அமர வெதுவெதுப்பான அறை உண்டா? பள்ளிக்கும் விடுதிக்கும் எவ்வளவு தொலைவு? பிப்ரவரி விடுமுறையில் கூட்டம் மிகுதியாதலால், முதற்கேள்வியின் விடையை அவ்வாரத்திற்கென்றே கேட்டறிதல் நலம்.

கருவிகளிலும் சிக்கனம் வேண்டாம். அடுத்த ஆண்டிற்கும் உதவுமென்று பெரிய காலணி வாங்கினால் குதிகால் நழுவும். பலகை சொற்படி கேளாது. வாடகைக் கடையில் எடை, உயரம், வயது, திறமை ஆகியவற்றை உள்ளபடி கூறுங்கள். விழும்போது காலணியை விடுவிக்கும் பூட்டு அவற்றைக் கொண்டே சரிசெய்யப்படுகிறது. இத்தாலியில் தலைக்கவசம் 2005 முதல் 14 வயதுக்குட்பட்டோருக்கும், 2022 முதல் 18 வயதுக்குட்பட்டோருக்கும் சட்டப்படி கட்டாயமாயிற்று. சட்டமில்லாத இடத்திலும் அதனை அணிவியுங்கள். புதுப்பனி சூரியனின் புறஊதாக் கதிர்களில் 80 விழுக்காடு வரை திருப்பி அனுப்பும். ஆகவே கண்ணாடியும் முகப்பூச்சும் இன்றியமையாதவை. விடுதியின் பெயரையும் உங்கள் தொலைபேசி எண்ணையும் எழுதிப் பிள்ளையின் சட்டைப் பையில் வையுங்கள்.

இறுதியாக ஒன்று. காலையில் ஆசிரியரிடம் பச்சை, நீலச் சரிவுகளில் பழகிய பிள்ளையை, மாலையில் சிவப்புச் சரிவிற்கு அழைத்துச் சென்று சோதிக்கும் தந்தையர் உண்டு. களைத்த கால்களுக்கு அச்சரிவு ஆபத்தானது. "இன்று என்ன கற்றாய்?" என்று கேட்டு, பிள்ளை காட்டும் சிறு சரிவிலேயே அதனுடன் இறங்குங்கள். மறுநாள் காலை அப்பிள்ளை தானே காலணியைத் தேடி எடுக்குமானால், நீங்கள் தேர்ந்தெடுத்த வகுப்பு நல்ல வகுப்பே.