குத்துகிற கம்பளியும் குத்தாத கம்பளியும்

இது கொஞ்சம் காரமான விஷயம். பெங்களூரில் இருக்கிற நம் மக்களைப் பற்றி.

ஊசியால் குத்திப் பொம்மை செய்வது, தக்ளியில் நூல் நூற்பது என்று கம்பளிக் கைவேலை இப்போது பல வீடுகளில் பொழுதுபோக்காகிவிட்டது. நல்லதுதான். ஆனால் கையில் இருக்கும் கம்பளி எது? கழுவி, சீவி, சாயம் ஏற்றி பாக்கெட்டில் வந்து இறங்கும் ஆஸ்திரேலிய மெரினோ. ஏன் என்று கேட்டால், "இங்கத்திக் கம்பளி குத்தும்ங்க, ஒரே அழுக்கு, யாரு சுத்தம் பண்றது?" என்று பதில் வருகிறது.

இங்கிருந்து சுமார் 200 கிலோமீட்டரில் சித்ரதுர்கா மாவட்டத்துச் சள்ளகெரெ இருக்கிறது. கம்பளிக்குப் பேர்போன ஊர். தக்காணச் செம்மறியின் கறுப்பு மயிரைக் கத்தரித்து, நூற்று, பாவுக்குப் புளியங்கொட்டைக் கஞ்சி போட்டு நெய்வார்கள். குருபர்களின் தொழில். தக்காணத்தில் பல இடங்களில் இன்று அந்த மயிருக்கு விலையே இல்லை. கத்தரிக்கும் கூலிக்குக்கூடக் கட்டவில்லை என்று வெட்டிய இடத்திலேயே போட்டுவிட்டுப் போகிறார்கள். கறிக்காக நெல்லூர்க் கிடாவோடு சேர்க்கிறார்கள். நெல்லூர் ஆட்டுக்குக் கம்பளி கிடையாது. இப்படியே போனால் கம்பளி ஆடு எங்கே மிஞ்சும்?

நமக்கு இந்தச் சரக்கு அந்நியமாகத் தெரிவது இயற்கைதான். மேச்சேரி, வேம்பூர், ராமநாதபுரம் வெள்ளை எல்லாமே கம்பளி தராத ஆடுகள். நீலகிரி, கோயம்புத்தூர் ஆடுகளை விட்டால் நம்மூரில் கம்பளி பார்த்தவர்கள் குறைவு.

சரி, அழுக்குக்கு வருவோம். மெரினோவோடு ஒப்பிட்டால் தக்காணக் கம்பளியில் எண்ணெய்ப் பிசுக்கு குறைவு. இருப்பது மண், முள், காய்ந்த புழுக்கை. முதலில் பழைய பேப்பரில் விரித்துப் போட்டு, சாணி ஒட்டிய கால், வயிற்றுப் பக்கத்து மயிரைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். மிச்சத்தை உதறினாலே பாதி மண் போய்விடும். பிறகு நல்ல சூட்டுத் தண்ணீரில் பூந்திக்கொட்டைச் சாறு விட்டு, கம்பளியை மெல்ல அமுக்கி ஊறவிட வேண்டும். துணி துவைக்கிற மாதிரி கும்மக் கூடாது. ஒவ்வொரு இழையிலும் செதில் இருக்கிறது. சூட்டில் தேய்த்தால் அவை ஒன்றோடொன்று மாட்டி இறுகி, பிரிக்கவே முடியாத கட்டியாகிவிடும். அலசும் தண்ணீரும் அதே சூட்டில் இருக்கட்டும். பிழியாமல் நிழலில் உலர்த்துங்கள்.

காய்ந்ததும் விரலால் பிய்த்துப் பிய்த்துப் பஞ்சாக்க வேண்டும். முள் எல்லாம் இப்போதுதான் உதிரும். அப்புறம் கம்பிப்பல் வைத்த இரண்டு பலகைகளுக்கு நடுவே இழுத்துச் சீவி, திரியாகச் சுருட்டினால் நூற்கத் தயார். ஊர்ப்பக்கம் இதையே மெத்தைக்காரர் மாதிரி வில்லால் கொட்டுவார்கள். எனக்கு அரைக் கிலோவுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுசாகப் போனது. "அவ்வளவு நேரம் யாருக்கு இருக்கு?" என்பீர்கள். பொழுதுபோக்குக்குத்தானே ஆரம்பித்தீர்கள், போகட்டுமே பொழுது :-)

ஒரு ஞாயிறு இப்படி உட்கார்ந்தவர், கைநெசவுக் கம்பளிக்குச் சொல்கிற விலையைக் கேட்டு "இவ்வளவா!" என்று வாயைப் பிளக்க மாட்டார். மயிருக்கு விலையில்லை என்றால், அந்தத் தொகை முழுக்கக் கூலிதான். அதில் பெரும்பங்கு தறிக்கு வருவதற்கு முந்தைய வேலை. நூற்பதெல்லாம் அநேகமாகப் பெண்கள். அதில் பேரம் பேசி இருநூறு குறைத்துவிட்டு, கடையில் "உல்லன்" என்று எழுதியிருக்கும் அக்ரிலிக் போர்வையைக் கேட்ட விலைக்கு வாங்குகிறோம். அது பெட்ரோலியத்திலிருந்து வருகிற பிளாஸ்டிக் சாமி, ஆடு அந்தப் பக்கமே போகவில்லை.

குத்தும் என்பது நிஜம். குழந்தைத் தொப்பிக்கு மெரினோவையே வாங்குங்கள், நான் மறுக்கவில்லை. தரை விரிப்பு, பை, குஷன் உறை, நாற்காலி இருக்கை இதற்கெல்லாம் முரட்டு இழைதான் உழைக்கும். நாலு குடும்பம் வாங்கினால் என்ன ஆகிவிடும் என்றும் ஒருவர் கேட்டார். வெட்டிப் போட்ட மயிரை விலை கொடுத்துக் கேட்க ஒரு ஆள்கூட வராததுதானே இப்போது பிரச்சினை?

அப்புறம், வாடை. மழை நாளில் லேசாக ஆட்டு வாடை வரும். ஜன்னலைத் திறந்து வையுங்கள்.